தாத்தா எப்படி இறந்தார்? - போதையின் மூளையை ஆராய்ந்த நோராவுக்கு அம்மா மறைத்த உண்மை

மெக்ஸிகோ சிட்டியின் கொயோகான் பகுதியில் உயரமான மதில் சுவர் கொண்ட ஒரு வீடு இருக்கிறது. ரஷ்யப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான லியோன் ட்ராட்ஸ்கி, நாடு கடத்தப்பட்டு, தேசம் தேசமாக அலைந்து, கடைசியாகத் தங்கிய வீடு. 1940 ஆகஸ்ட் 20-ம் தேதி அங்கேதான் அவரைத் தாக்கினார்கள். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது.

அந்த வீட்டில் பின்னாளில் நான்கு பெண் குழந்தைகள் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நோரா வோல்கோவ். 1956-ல் பிறந்தவர், ட்ராட்ஸ்கியின் கொள்ளுப் பேத்தி. அவருடைய அப்பா எஸ்தபான், ட்ராட்ஸ்கியின் மகள் வயிற்றுப் பேரன். சிறு வயதிலேயே தாயை இழந்து, தாத்தாவிடம் வந்து சேர்ந்தவர். ட்ராட்ஸ்கியைக் கொல்ல முதலில் நடந்த தாக்குதலில் சிறுவன் எஸ்தபானின் காலிலும் ஒரு குண்டு பாய்ந்தது. இப்போது அந்த வீடு மியூசியம்.

அப்பா வழிக் குடும்பத்தின் துயரம் உலகத்துக்கே தெரியும். புத்தகங்களில் இருக்கிறது, சினிமாவாகவும் வந்துவிட்டது. ஆனால் அம்மா வழியில் நடந்த ஒரு மரணம் பற்றிய உண்மை, நோராவுக்கே பல பத்தாண்டுகள் தெரியாது.

அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மாவின் அப்பா இறந்துபோனார். ‘இதய நோய்’ என்று வீட்டில் சொன்னார்கள். குழந்தை நம்பியது. வளர்ந்து டாக்டரான பிறகும் அதைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

கோகைனும் ரத்த ஓட்டமும்

மெக்ஸிகோவில் மருத்துவம் படித்த நோரா, மனநல மருத்துவப் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றார். 1980-களில் டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் வேலை. அப்போது புதிதாக வந்திருந்த ஒரு கருவி அவரைக் கவர்ந்தது. பெட் ஸ்கேன். மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்தி, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் எந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் முறை. அதுவரை மனநோயாளியின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை டாக்டர்கள் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடிந்தது.

கோகைன் பழக்கத்துக்காகச் சிகிச்சைக்கு வந்தவர்களின் மூளையை அந்தக் கருவியில் பார்த்தார் நோரா. பக்கவாதம் வந்தவர்களின் மூளையில் தெரிவதுபோல, ஆங்காங்கே ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. கோகைன் பெரிய ஆபத்தில்லாத பொருள், பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ள உடனே யாரும் தயாராக இல்லை. அந்த ஆய்வுக் கட்டுரை 1988-ல் வெளியானது. அதற்குள் அவர் நியூயார்க்கின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் ஒரே கேள்விதான். ‘வேலை போகும், குடும்பம் போகும், உயிரே போகும் என்று தெரிந்தும் ஒரு மனிதர் ஏன் மறுபடியும் அதையே தேடிப் போகிறார்?’

டோபமைன் செய்யும் வேலை

இந்தக் கேள்விக்கான விடையின் முதல் நூலைப் பிடித்தவர்கள் எலிகளோடு வேலை செய்த இருவர். 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட இடத்துக்கு லேசான மின்சாரம் பாயும். எலிகள் விடாமல் அழுத்தின. அடுத்தடுத்த பரிசோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்திய எலிகளும் உண்டு.

அந்தப் பாதையில் முக்கியமாக ஓடும் ரசாயனம்தான் டோபமைன். ‘சந்தோஷ ரசாயனம்’ என்று அதற்குச் செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அதன் வேலை வேறு. ‘இது முக்கியம், மறக்காதே, மறுபடி இதைத் தேடி வா’ என்று மூளைக்கு அடிக்கோடு போட்டுக் காட்டுவதுதான் அதன் வேலை. பசிக்கும்போது சோறு, குழந்தையின் சிரிப்பு, நண்பரின் பாராட்டு... எல்லாவற்றுக்கும் அது அளவோடு சுரக்கும். வேலை முடிந்ததும், அனுப்பிய செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

போதைப்பொருள்கள் புகுந்து விளையாடுவது இந்த இடத்தில்தான். கோகைன், டோபமைன் திரும்பிப் போகும் வாசலை அடைத்துவிடும். மெத்தாம்பெட்டமைன், வாசலை அடைப்பதோடு உள்ளே இருப்பதையும் வெளியே கொட்டவைக்கும். ஹெராயின், டோபமைனைக் கட்டுக்குள் வைத்திருக்கும் செல்களைத் தூங்கவைத்துவிடும். நிகோடின், டோபமைன் செல்களை நேரடியாகத் தட்டி எழுப்பும். மது பல வழிகளில் சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்து சேரும். பாதைகள் வேறு வேறு. முடிவு ஒன்றுதான். இயற்கையில் எந்த உணவும், எந்த உறவும் தர முடியாத அளவுக்கு டோபமைன் வெள்ளம்.

ஸ்பீக்கர் சத்தம் தாங்க முடியாதபோது என்ன செய்வோம்? காதைப் பொத்திக்கொள்வோம். மூளையும் அதைத்தான் செய்கிறது. டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் டி2 என்ற ரிசப்டர்களைக் குறைத்துக்கொள்கிறது. கோகைனுக்கு அடிமையானவர்களின் மூளையில் இந்த டி2 ரிசப்டர்கள் குறைந்திருப்பதை 1990-களில் நோராவின் குழு காட்டியது. மது, ஹெராயின், மெத்தாம்பெட்டமைன் என ஒவ்வொன்றிலும் இதே போன்ற குறைவைப் பின்னர் பார்த்தார்கள்.

காதைப் பொத்திக்கொண்டவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது அல்லவா? அடிமையானவரின் நிலையும் அதுதான். பிள்ளையின் பிறந்தநாள், பிடித்த சாப்பாடு, திருவிழா... எதுவும் மனதில் தைக்காது. ‘இவருக்குப் பாசமே இல்லை’ என்று வீட்டில் உள்ளவர்கள் அழுவார்கள். பாசத்தை உணரும் பாதையே மங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர் அந்தப் பொருளைத் தேடுவது சந்தோஷத்துக்காக இல்லை. சாதாரணமாக இருப்பதுபோல உணர்வதற்காகத்தான்.

இதோடு நிற்கவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் ‘வேண்டாம், நிறுத்து’ என்று சொல்லும் பிரேக். டி2 ரிசப்டர்கள் குறைந்தவர்களிடம் இந்தப் பகுதியின் செயல்பாடும் குறைந்திருப்பதை நோரா கண்டார். ஆக்ஸிலரேட்டர் அழுத்தப்பட்டே இருக்கிறது, பிரேக் தேய்ந்திருக்கிறது. ‘நினைச்சா விட்டுடலாமே’ என்று நாம் சொல்கிறோமே, அந்த நினைப்பைச் செயலாக்க வேண்டிய உறுப்பே பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்த ஸ்கேன்கள் சொன்ன செய்தி.

2006-ல் வந்த இன்னொரு ஆய்வு, குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கோகைனுக்கு அடிமையானவர்களுக்கு, யாரோ கோகைன் எடுத்துக்கொள்ளும் வீடியோவைக் காட்டினார்கள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வீடியோவைப் பார்த்ததற்கே மூளையில் டோபமைன் எழுந்தது. எவ்வளவு எழுந்ததோ, அவ்வளவு ஏக்கம். சிகிச்சை முடிந்து வந்தவர், பழைய நண்பரின் ஒரு போன் காலில், சம்பள நாளின் மாலையில், வழக்கமாகத் திரும்பும் ஒரு தெருமுனையில் தடுமாறுவது இதனால்தான்.

அம்மாவின் கடைசி நாள்கள்

நோராவின் அம்மா நோயில் படுத்தார். பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. அந்த நாள்களில்தான் அவர் மகளிடம் உண்மையைச் சொன்னார். தாத்தா இதய நோயால் இறக்கவில்லை. அவர் குடிக்கு அடிமையாக இருந்தார். குடிக்கும் வெறியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்ற விரக்தியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

மகள் இந்த நோயைத்தான் ஆராய்கிறாள் என்பது அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும். ‘அடிமைத்தனம் என்பது ஒழுக்கக் கேடு இல்லை, மூளையைப் பாதிக்கும் நோய்’ என்று ஊர் ஊராக மேடையேறிச் சொல்பவள் தன் மகள் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அவளிடம் சொல்ல அவருக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. காரணம், அவமானம். தன் அப்பாவை யாராவது குறைவாகப் பேசிவிடுவார்களோ என்ற பயம். சொந்த மகளிடம்கூட.

2003-ல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற நோரா, 2015-ல் டொரன்டோவில் நடந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசினார். உலகின் மிகப்பெரிய போதை ஆய்வு நிறுவனம் ஒன்றை அப்போது நடத்திவந்தவர், தன் தாத்தா குடிநோயாளி என்று நூற்றுக்கணக்கான மனநல மருத்துவர்கள் முன்னால் சொன்னார். விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் தன் அம்மாவால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் போனதே என்பதுதான் அவரது வருத்தம்.

ரத்தத்தில் வருமா?

‘அப்பன் குடிகாரன், பிள்ளை எப்படி இருப்பான்?’ என்று ஊரில் பேசுவார்கள். இதில் எவ்வளவு உண்மை?

டென்மார்க்கில் டொனால்டு குட்வின் குழு 1973-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகப் பிரித்துப் பார்த்தது. பிறந்த சில வாரங்களிலேயே வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். பெற்றவருக்குக் குடிநோய் இருந்த பிள்ளைகள் ஒரு பக்கம், இல்லாதவர்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரு தரப்பினரும் வளர்ந்தது வேறு வீட்டில். முதல் தரப்பில் 18 சதவிகிதம் பேருக்குக் குடிநோய் வந்தது. இரண்டாம் தரப்பில் 5 சதவிகிதம் பேருக்கு. குடிப்பதைப் பார்த்து வளராமலேயே அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடியிருந்தது.

இரட்டையர் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் அடிமையானால், மற்றவரும் அடிமையாகும் வாய்ப்பு, சாதாரண இரட்டையரைவிட அதிகம். மொத்தத்தில், அடிமைத்தனத்துக்கான ஆபத்தில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு.

ஆனால் ‘குடி மரபணு’ என்று தனியாக ஒன்று இல்லை. சின்னச் சின்னதாகப் பங்களிக்கும் ஏராளமான மரபணுக்கள் இருக்கின்றன. சில காப்பாற்றவும் செய்யும். சீனா, ஜப்பான், கொரியா மக்கள் பலரிடம் ஏஎல்டிஹெச்2 என்ற மரபணு மாறுபட்டிருக்கிறது. மது உடைந்து உண்டாகும் நச்சுப்பொருளை அவர்கள் உடலால் வேகமாக அகற்ற முடியாது. ஒரு டம்ளர் குடித்தாலே முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அதனால் அவர்களிடம் குடிநோய் குறைவு. மாறாக, நிகோடின் ரிசப்டரை உருவாக்கும் சிஹெச்ஆர்என்ஏ5 மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், சிகரெட் பிடிக்கத் தொடங்கியவரை அதிகமாகப் பிடிக்கவைக்கிறது.

பாதி மரபணு என்றால், மீதிப் பாதி? அங்கேதான் குடும்பத்துக்கு இடம் இருக்கிறது. நோராவின் குழுவே 2006-ல் செய்த ஆய்வு ஒன்று, இதில் மிக முக்கியமானது. அதுவரை அடிமையானவர்களின் மூளையையே பார்த்தவர்கள், இந்த முறை வேறொரு கேள்வி கேட்டார்கள். தலைமுறையாகக் குடிநோய் உள்ள குடும்பத்தில் பிறந்தும், அதில் சிக்காமல் தப்பியவர்களின் மூளை எப்படி இருக்கிறது? அவர்களிடம் டி2 ரிசப்டர்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. பிரேக் பகுதியும் சுறுசுறுப்பாக இருந்தது. ஆபத்தைத் தரும் குடும்பத்திலேயே காப்பும் இருந்திருக்கிறது.

அந்த ரிசப்டர்கள் பிறவியிலேயே வருபவை மட்டுமா? வட கரோலினாவில் குரங்குகளோடு செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. முதலில் குரங்குகளைத் தனித்தனியாக வைத்திருந்தபோது டி2 அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு நான்கு நான்காகச் சேர்த்து வளர்த்தார்கள். கூட்டத்தில் மேல் நிலைக்கு வந்த குரங்குகளுக்கு டி2 ரிசப்டர்கள் கூடின. அடி வாங்கி, ஒதுங்கி, பயந்து வாழ்ந்த குரங்குகளுக்குக் கூடவில்லை. கோகைனை வைத்தபோது, பயந்து வாழ்ந்த குரங்குகள்தான் அதை அதிகம் நாடின. எப்படி நடத்தப்படுகிறோம் என்பது மூளையின் ரசாயனத்தையே மாற்றுகிறது. குடிக்கிறவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் திருந்துவார் என்று நினைப்பவர்கள், இந்தக் குரங்குகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

‘நோய்’ என்று சொன்னால் போதுமா?

எல்லோரும் நோராவின் பார்வையை அப்படியே ஏற்கவில்லை. தானே ஒரு காலத்தில் போதைப்பழக்கத்தில் இருந்து மீண்ட நரம்பியல் அறிஞர் மார்க் லூயிஸ், இது நோய் இல்லை, மூளை மிக ஆழமாகக் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் என்கிறார். நோய் என்று சொல்லிவிட்டால், ‘என்னால் எதுவும் ஆகாது’ என்று அந்த நபரே கைவிட்டுவிடுவார் என்பது இப்படி வாதிடுபவர்களின் கவலை.

அவர்கள் அடிக்கடி காட்டும் சான்று வியட்நாம் போர். அங்கே சென்ற அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் திரும்பி வந்தால் நாடு என்னாகும் என்று அரசு நடுங்கியது. ஆய்வாளர் லீ ராபின்ஸ் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் மிகச் சிலரே. போர்க்களம் போனது, அங்கிருந்த நண்பர்கள் போனார்கள், மலிவாகக் கிடைத்த சரக்கு போனது. பெரும்பாலோரிடம் பழக்கமும் போனது.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. மூளை மாறுகிறது என்பது உண்மை. சூழல் மாறினால் பலரால் மீள முடிகிறது என்பதும் உண்மை. ஒரே பொருளைத் தொட்டவர்களில் சிலர் எளிதாக விலகுகிறார்கள், சிலர் மூழ்குகிறார்கள். விலகியவரை உதாரணம் காட்டி மூழ்குபவரைத் திட்டுவதுதான் தவறு.

மீளும்போது மூளையும் மீள்கிறது. மெத்தாம்பெட்டமைன் பழக்கத்தை விட்டவர்களை நோராவின் குழு ஓராண்டு கடந்து மறுபடி ஸ்கேன் செய்தது. குறைந்துபோயிருந்த டோபமைன் வாசல்கள் கணிசமாகத் திரும்பியிருந்தன. 2001-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் மிகச் சிலர்தான். நினைவாற்றல் போன்ற எல்லாத் திறனும் முழுதாகத் திரும்பியிருக்கவும் இல்லை. ஆனாலும் சேதம் நிரந்தரம் இல்லை என்று காட்டியது. அதற்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். முப்பது நாள் சிகிச்சை முடிந்து வந்தவரிடம், ‘இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?’ என்று கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சுகர், பிரஷர், மாரடைப்பு என்றால், ‘எங்க குடும்பத்துல இருக்கு, நீ ஜாக்கிரதையா இரு’ என்று பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்கிறோம். குடிநோயையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். ‘சித்தப்பா இதனாலதான் சிரமப்பட்டார், நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு ரிஸ்க் அதிகம்’ என்று பதின்வயதிலேயே பக்குவமாகச் சொல்வது தவறில்லை. முன்மூளை முழு வளர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறார்களோ, ஆபத்து அவ்வளவு அதிகம். முதல் டம்ளரைத் தள்ளிப்போடுவதே பெரிய பாதுகாப்பு.

பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவரை ஒரே நாளில் அறையில் பூட்டி நிறுத்தவைக்க வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ‘அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் தொடவே வேண்டாம். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் நிலைகூட வரும்.

சிகிச்சைக்குப் பிறகு ஒருமுறை சறுக்கினால், எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. சுகர் ஏறினால் மருந்தை மாற்றுவதுபோல, சிகிச்சையைச் சரிசெய்ய வேண்டிய நேரம் அது. மறுபடி டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பிரச்னை இருந்தால், மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, குடும்பத்தினரும் பேசலாம். மனச்சோர்வு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.